வாய் திறக்காத மனைவி

குதிரையை நகர்த்திவிட்டு ஜாய்சன் கம்பீரமாக எழுந்ததைப் பார்த்த ஜெயசீலியின் கண் மேசைக்குப் போனது. செஸ் கடிகாரத்தின் பொத்தானை அவன் அமுக்கவில்லை. அமுக்கினால்தானே தன் நேரம் நின்று எதிராளி அசாரின் நேரம் ஓடும்!

சேலையூர் மண்டபத்தில் கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம்.

காலையில் அவள் முதலில் கிளம்பும்போதே சண்டை.

"மோட்டார் ஓடுதுங்க, மறக்காம ஆஃப் பண்ணுங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா? இன்னிக்காவது வாயை மூடிக்கிட்டு இரு!"

இப்போது டீயுடன் அவளிடமே வந்தான்.

"அசார் நல்லா மாட்டிக்கிட்டான். எவ்ளோ நேரமா யோசிக்கிறான் பாரு!"

நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"போய் உங்க இடத்துல உட்காருங்க."

"இன்னும் கோவமா? டீயைக் குடிச்சிட்டுப் போறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாய்சனின் கடிகாரத்தில் சிவப்புக் கொடி விழுந்தது. அசார் கையைத் தூக்கினான்.

"மேடம்!"

ஜெயசீலி போய்க் கடிகாரத்தை நிறுத்தினாள். அவள் சேலையில் குத்தியிருந்த அட்டையில் 'நடுவர்' என்றிருந்தது.

"வெள்ளைக்கு டைம் முடிஞ்சிடுச்சு. அசார் வின்."

ஓடிவந்த ஜாய்சன் முணுமுணுத்தான். "பட்டனை அமுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நடுவர் சொல்லக் கூடாதுன்னு ரூல். வீட்டு விஷயம்னா கேக்கலாம். மோட்டாரை ஆஃப் பண்ணீங்களா?"

டீயை அப்படியே வைத்துவிட்டு, ஜாய்சன் பைக் சாவியைத் தேடினான்.