தெரியாதுங்க

"இதென்ன எழுத்து, பிள்ளை?"

"தெரியாதுங்க" என்றாள் வடிவு.

மரியநாயகம் வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் எழுதியிருந்தது 'அ'. அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒண்ணாம் வகுப்பில் எல்லா எழுத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவள் வடிவு ஒருத்திதான்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா" என்றார் வாத்தியார்.

"தெரியாதுங்க சார்."

"ரெண்டும் ரெண்டும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாதுங்க."

அந்த வருஷம்தான் புது உத்தரவு வந்திருந்தது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளையும் இன்ஸ்பெக்டரே தனித்தனியாகக் கூப்பிட்டுச் சோதிப்பார். தேறினால்தான் ரெண்டாம் வகுப்பு.

வடிவுக்கு முன்னால் போன லெட்சுமி, எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே நின்றாள். அதில் வாத்தியாருக்கு ஆச்சரியமில்லை. அவள் எப்போதும் பக்கத்திலிருக்கும் வடிவைப் பார்த்து எழுதுகிறவள். ஆனால், வடிவுக்கு என்ன வந்தது?

"உம்முடைய கெட்டிக்காரியே இப்பிடியெண்டால்..." இன்ஸ்பெக்டர் மீதியைச் சொல்லவில்லை. ரெண்டு பேரும் தேறவில்லை என்றுவிட்டுக் காரில் ஏறினார்.

மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்த வடிவின் அம்மா காளியாயி, மகள் கதையைக் கேட்டுக் கூடையோடு ஓடி வந்தாள்.

"ஏன் சார், இவ போடுற சத்தத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்களுக்கே ஆனா ஆவன்னா பாடமாயிருச்சு. இவளுக்கா தெரியாது?"

"அதான் எனக்கும் புரியல."

"பயந்துட்டியாடி?"

"இல்ல."

"மேலுக்கு முடியலயா?"

"இல்ல."

காளியாயி முதுகில் ஒன்று வைத்தாள். "அந்த மக்குப் புள்ளயோட சேராத, சேராதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

அடிக்குக்கூட அழாத வடிவு, அதற்கு அழுதாள்.

வாத்தியார் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பலகையைக் காட்டினார்.

"இது என்ன?"

"ஆனா."

"ரெண்டும் ரெண்டும்?"

"நாலு."

"அப்புறம் ஏம்மா தெரியாதுன்ன?"

வடிவு மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணாம் வகுப்பு காலையில, ரெண்டாம் வகுப்பு மத்தியானந்தானே சார்?"

"ஆமா."

"காலையில லெட்சுமி தனியா இருப்பாளே."

"இருந்தா என்ன? பாடத்தக் கவனிச்சுக் கேட்டா அவளும் அடுத்த வருஷம் வந்துருவா."

"அவளுக்குக் காது கேக்காது சார். நீங்க சொல்றத நாந்தான் கையக் காட்டிக் காட்டிச் சொல்லுவேன்."

காளியாயி கூடையை இறக்கி வைத்தாள்.

வாத்தியார் வாசலுக்கு வந்தார். முற்றத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, லெட்சுமி கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லெட்சுமி!" என்று உரக்கக் கூப்பிட்டார்.

மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் திரும்பவில்லை.