முழங்காலுக்குள் ஒரு குரல்

"ஸ்ஸ்... அம்மா."

ரப்பர் முழங்காலுக்குள்ளிருந்துதான் வந்தது அந்தக் குரல். பயிற்சி டாக்டர் வெடுக்கென்று கையை எடுத்தாள். இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

அறையில் நோயாளி யாரும் கிடையாது. மேஜையில் ஒரு ரப்பர் கால் மட்டும். ஒரு துளை வழியாகப் பேனா கனத்தில் கேமரா, இன்னொரு துளை வழியாக ஒரு கொக்கி. எதிரே திரையைப் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் வேலை செய்யப் பழக வேண்டும். கொக்கியின் நுனி குருத்தெலும்பில் பட்டுவிட்டால் அந்தப் பெண் குரல் முனகும். உள்ளே சென்சார் இருப்பதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

முனகல் இல்லாமல் ஒரு தடவை முடித்தால்தான் வியாழக்கிழமை நிஜ ஆபரேஷனில் கருவியைத் தொட விடுவார். மற்றவர்கள் எல்லாம் தேறிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி.

"கையைப் பார்க்காதே. திரையைப் பாரு," என்றார் பெரிய டாக்டர்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பயமுறுத்திப் பாடம் சொல்வது என்ன நியாயம், ஒரு மணி அடித்தால் போதாதா, ஒரு பொம்பளை முனகினால்தான் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டாள். மணி போதாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

"டீனுக்கு எழுதப் போறேன். கையெழுத்துப் போடுவியா?" என்றாள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நெட்டையனிடம். அவன் போன வாரமே தேறியவன்.

"எழுது. ஆனா ஒண்ணு கவனிச்சியா? போன திங்கக்கிழமை நான் செஞ்சப்போ அந்தக் குரலுக்குச் சளி பிடிச்சிருந்தது."

"உளறாதே."

"சத்தியமா. நடுவுல ஒரு தும்மல் வேற."

அவள் சிரித்தாள். அவனும் கிளம்பிப் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

மறுபடி கேமராவை உள்ளே விட்டாள். திரையில் வெள்ளை வெளேரென்று குருத்தெலும்பு. வேண்டுமென்றே நுனியை அதில் அழுத்தினாள்.

"அம்மா."

எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

முனகல் நீண்டது. நடுவில் மூச்சு வாங்கியது. பிறகு தெளிவாகச் சொன்னது: "எடுத்துடும்மா."

அவள் கொக்கியை வெளியே உருவினாள். குனிந்து பார்த்தாள். ரப்பர் காலிலிருந்து இறங்கிய ஒயர் சுவரோரமாக ஓடி, எப்போதும் சாத்தியே கிடக்கும் ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியில் நுழைந்தது.

தள்ளினாள். திறந்துகொண்டது.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல், கையில் மைக். எதிரே சின்னத் திரையில் அதே ரப்பர் முழங்காலின் உட்புறம்.

"வேணும்னே அழுத்தினே, இல்ல? பி.டி. டீச்சர்கிட்டயே ஏமாத்துறியா?"

பயிற்சி டாக்டர் கொதித்துப்போனாள். பெரிய டாக்டர்தானே உங்களை இப்படி உட்கார வைத்தார், பயப்படாமல் சொல்லுங்கள், டீன் வரைக்கும் போகலாம் என்று படபடத்தாள்.

"அவரா? வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு வருஷம் கெஞ்சினாரு. நான்தான் கேக்கல." டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "உன்னை மாதிரி படிக்கும்போது அவர் செஞ்ச முதல் ஆபரேஷன் இது. நீ இப்போ அழுத்தினியே, அதே இடத்துலதான் கீறிட்டாரு. அதுக்கப்புறம் நான் ஓடினதே இல்ல."

"நீங்க கேஸ் போட்டிருக்கணும்."

"போட்டிருந்தா அவர் ஒருத்தர் மட்டும்தான் திருந்தியிருப்பாரு." டீச்சர் மைக்கைச் சரிசெய்துகொண்டாள். "போ, முதல்லேருந்து ஆரம்பி. அன்னிக்கு நான் மயக்கத்துல இருந்தேன், கத்த முடியல. வியாழக்கிழமை உன் பேஷண்டாலயும் கத்த முடியாது."