சனிக்கிழமைக் கூடாரம்

இந்தப் பெரிய வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அப்பாவுக்கு ஊர்சுற்றும் பைத்தியம் பிடித்துவிட்டதென்று மகள் முடிவுகட்டிவிட்டாள். சனிக்கிழமை விடிந்தால் போதும். மலையேற்றம், கூடாரம், கூத்து!

"அம்மா, தம்பிக்கு உடம்பு கொதிக்குது. இந்த வாரமாவது வீட்லயே இருக்கலாம்மா."

"அப்பா ஆசைப்படுறாருல்ல," என்ற அம்மா, சுவரில் மகள் ஒட்டிய படங்களை உரித்துப் பைக்குள் திணித்தாள். பழைய செருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நாளைக்குத் திரும்பி வரத்தானே போறோம். எதுக்கும்மா எல்லாத்தையும் தூக்கிட்டு வர்றே?"

அம்மா தம்பியின் தொட்டில் துணியையும் அவிழ்த்து மடித்தாள்.

பாதி மலையில் கூடாரம் போட்டதும் மகள் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! நம்ம வீட்டு வாசல்ல கார் நிக்குது! யாரோ பசங்க என் ஊஞ்சல்ல ஆடுறாங்க!"

அப்பாவின் போன் அடித்தது. பதறி எழுந்து நின்றார்.

"வந்துட்டீங்களா முதலாளி? உங்க வீட்டைத் தூசு தும்பு இல்லாம வச்சிருக்கேன். கடைக்கு வந்தேன், இதோ ஓடி வந்துடுறேன்."

காய்ச்சலில் தம்பி வீறிட்டான். அம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"அழுற சத்தமா? என்ன முதலாளி, ஒண்டிக்கட்டைன்னுதானே என்னைக் காவலுக்கு வச்சீங்க? இது... யாரு பெத்த பிள்ளையோ!"