உப்பு பார்க்காத குழம்பு

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியும் கையுமாக நின்றாள்.

உப்பு போட்டோமா?

ஜாடி திறந்துதான் கிடந்தது. அதை வைத்து என்ன சொல்ல? வாழைக்காய்ப் பொரியலுக்கும் அதிலிருந்துதான் எடுத்தாள். கூட்டுக்கும். வடை மாவுக்கும்.

குழம்புக்கு எடுத்தாளா என்றுதான் தெரியவில்லை.

கண்ணை மூடி யோசித்தாள். புளி கரைத்தது வந்தது. காய் போட்டது வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மற்ற நாளாக இருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இன்றைக்கு அது நடக்காது. இன்றைக்கு அத்தையின் திதி. படைத்து, காக்கைக்கு வைத்து, காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டு மனிதர்கள் வாயில் வைக்கலாம். அதுவரை நாக்குக்கு விடுமுறை.

அதுவும் வேறு யாருக்கோ படைக்கவில்லை. மாமியாருக்கு.

உயிரோடு இருந்த வரைக்கும் இவள் சமைத்த எதிலும் உப்பு சரியாக இருந்ததாக அந்த அம்மாள் ஒப்புக்கொண்டதே இல்லை. "கையில அளவு வரணும்டி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சோறு போட்டுக்கொள்வாள்.

இப்போது உப்பே போடாமல் கூப்பிட்டால் சும்மா விடுவாளா?

எல்லாம் மாத்திரையின் வேலையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

மழைக்காலத்திலிருந்து சாப்பிடுகிறாள். மனச்சோர்வுக்கு என்று டாக்டர் கொடுத்தது. அதுதான் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. தலை வார வைத்தது. ஜன்னல் திரையை விலக்க வைத்தது. இன்றைக்கு அடுப்படியில் நிற்பதே அதனால்தான். நன்றி கெட்டத்தனமாகப் பேசக் கூடாது.

ஆனால் கொஞ்ச நாளாக அங்கங்கே ஓட்டை.

அன்றைக்கு ஒரு நாள் கம்மலைக் கழற்றிவிட்டு, அதன் பின்னால் மாட்டுகிற சின்னச் சாமானுக்கு என்ன பெயர் என்று கண்ணாடி முன்னால் நின்றாள். மறுநாள் பல் தேய்க்கும்போது வந்தது. திருகாணி.

அதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மறுபடியும் அந்தக் கட்டில். அந்தச் சுவர்.

ஞாபகம் போனால் போகிறது என்று இருந்துவிட்டாள்.

கல்லுப்பை ஒரு பிடி அள்ளினாள். ஏற்கெனவே போட்டிருந்தால் குழம்பை வாயில் வைக்க முடியாது. திரும்பக் கொட்டினாள். மறுபடியும் அள்ளினாள்.

"மங்கை, ஆச்சா?"

கூடத்திலிருந்து கதிரேசன். அம்மா படத்துக்கு மாலை போட்டு முடித்திருந்தான்.

"ஆச்சுங்க" என்றாள்.

பிடித்த உப்பை ஜாடியிலேயே விட்டாள். அத்தையே வந்து சொல்லட்டும்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்து அவன் கூப்பிட்டான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. உடனே வரவில்லை. கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. பிறகு இவளைப் பார்த்தது.

அச்சு அசல் அத்தையின் பார்வை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காக்கை வந்தது. சோற்றைக் கொத்தியது. வடையைத் தூக்கிக்கொண்டு போனது. ஒன்றும் சொல்லவில்லை.

கீழே வந்து இரண்டு பேரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அவள்தான் முதலில் வாயில் வைத்தாள்.

"ஐயே! உப்பே இல்லீங்க!"

முகம் கோணிப்போனது.

அவன் சாப்பிடவில்லை. பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

உப்பில்லாததற்கா இப்படி? அவளுக்குப் புரியவில்லை.

"போன வருஷம் இதே நாள்" என்றான். "ஓட்டல்ல வாங்கிட்டு வந்து படைச்சோம். அவசரத்துல சாம்பாருன்னு நெனச்சு உன் சோத்துல பாயசத்தை ஊத்திட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போன."

அவள் யோசித்துப் பார்த்தாள். அதுவும் ஞாபகத்தில் இல்லை.

அது போனதில் வருத்தமும் இல்லை.

பிறகு சொல்லிவிட்டாள். உப்பு போட்டோமா என்று தெரியாமல் நின்றதை. திருகாணியை. டாக்டரிடம் மறைத்ததை. "நிறுத்திட்டாருன்னா என்ன பண்றதுங்க?"

"குழம்புல உப்பில்லைன்னா குழம்பையா கொட்டுறோம்? சொல்லிப் பாப்போம். கூட்டுவாரு, குறைப்பாரு, வேற தருவாரு. நானும் வர்றேன்."

அவள் எழுந்து போனாள். கல்லுப்பை வெந்நீரில் கரைத்துக் குழம்பில் விட்டாள். கலக்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

சரியாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்தியது.

"போட்டாச்சு அத்தை" என்றாள்.