முகம் காட்டாத அம்மா

பிரிக்ஃபீல்ட்ஸ் பொம்மைக் கடையில், கதைப்புத்தக விலங்குகளின் கைப்பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கையில் மாட்டிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள் தாமரை. கடைக்காரர் கிருபானந்தனுக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“யாருக்கும்மா?”

“பாப்பாவுக்கு, அங்கிள். இதைக் கையில மாட்டிக்கிட்டுத்தான் ஊட்டணும். இன்னிக்கே வேணும்.”

“இந்த முயல் நல்லா சிரிக்குது பாரு.”

“சிரிக்க வேணாம் லா. மூக்கு நீளமா இருக்கணும், வாய் நல்லாத் திறந்து மூடணும்.”

அவள் ஒரு பறவைப் பொம்மையை எடுத்தாள்.

“வெறுங்கையாலேயே ஊட்டலாமே?”

“என் மூஞ்சியப் பாப்பா பார்க்கவே கூடாது, அங்கிள். குரலும் கேட்கக் கூடாது. துணிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுத்தான் ஊட்டணும்.”

கிருபானந்தனுக்குச் சுருக்கென்றது. பிள்ளைக்கு முகம் காட்டாமல் ஒரு தாயா?

“உன்னைத் தேடாதாம்மா?” என்று கேட்டே விட்டார்.

“தேடக் கூடாதுன்னுதான்.”

அவள் கைப்பேசியை நீட்டினாள். படத்தில், இறகு முளைக்காத இருவாச்சிப் பறவைக் குஞ்சொன்று துண்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“நான் பறவைக் காப்பகத்துல வேலை செய்றேன், அங்கிள். காஜாங் பக்கத்துக் காட்டுல கூடு இருந்த மரம் சாஞ்சு, இது மட்டும் தப்பிச்சது. நாளைக்குக் கண்ணத் திறந்திடும். என்னைப் பார்த்தா என்னையே அம்மான்னு நெனச்சிக்கும். அப்புறம் காட்டுக்கே போகாது.”

கிருபானந்தன் பொம்மையைத் தன் கையில் வாங்கினார். அதன் கழுத்தில் தைத்திருந்த நீல டையைக் கத்தரியால் மெல்லப் பிரித்தெடுத்துவிட்டு நீட்டினார்.

“இப்பப் பாரும்மா, அதோட அம்மா மாதிரி இருக்கா?”