அழாத பிள்ளை

"அழு கண்ணு" என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தேன்.

அந்தப் பக்கம் இருந்த என் மகளுக்கு அது கேட்காது. அவளுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தப் பக்கம் நானும் குடும்ப நீதிமன்ற ஆலோசகரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த அம்மாள் மடியில் ஒரு படிவம். அதில் எழுதப்போவதை வைத்துத்தான் மூன்றரை வயதுப் பிள்ளை என்னோடு இருப்பாளா, அப்பா வீட்டுக்குப் போவாளா என்பது முடிவாகும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டுப் போகிறவள், பிள்ளைக்கு இவள்மேல் ஒட்டுதலே கிடையாது என்று என் கணவர் மனுவில் எழுதியிருந்தார்.

சோதனை சின்னதுதான். பிள்ளையோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு நான் எழுந்து வந்துவிட வேண்டும். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பிப் போக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆறு வருடமாக நிற்கிறேன். மெஷின் ஓடும்போது கையில் இருக்கும் பக்கத்தைப் படிப்பேன். பரீட்சை வைத்தால் இரண்டு பட்டமாவது தேறும்.

உளவியல் முதலாண்டு நோட்ஸில் ஆறாவது பாடம், பிணைப்பு. அம்மா போனால் பிள்ளை அழ வேண்டும். திரும்பி வந்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அழாமல், வந்தவளை ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

அதே நோட்ஸில் நான்காவது பாடம் ஒன்று உண்டு. அதைத்தான் போன வருடம் படித்துத் தொலைத்தேன்.

நான் வெளியே வந்து ஒரு நிமிடம் ஆயிற்று. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கினாள். கதவை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி கட்டை.

மற்ற பிள்ளைகள் பலூன் உடைந்ததற்கே ஊரைக் கூட்டுகின்றன. எனக்குப் பிறந்தது மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆனால் அந்த முதுகை எனக்குத் தெரியும். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன.

"மேடம், அவ ஏன் அழலன்னா..."

ஆலோசகர் பேனாவைத் தூக்கிக் காட்டி என்னை நிறுத்தினார். "நீங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா. குழந்தைதான் சொல்லணும்."

பிறகு எழுதினார். எட்டிப் பார்த்தேன். பிரிவுக்கு எதிர்வினை இல்லை.

மூன்று நிமிடம் முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். ஓடி வா, ஒரே ஒரு தடவை ஓடி வந்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் மண்டி போட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் இடது கையை மட்டும் நீட்டினாள்.

நான்காவது பாடம், வலுவூட்டல். நாம் விரும்புவதைச் செய்தால் பரிசு கொடு, அது பழக்கமாகிவிடும்.

அப்போதெல்லாம் நான் கடைக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு கதறுவாள். இப்படி அழுதால் பார்த்துக்கொள்ள முடியாது என்று பக்கத்து வீட்டு அக்கா கையை விரித்துவிட்டார். வேலையை விட்டால் சோறு கிடையாது. அதனால், அழாத நாளில் சாயங்காலம் அவள் புறங்கையில் நீலப் பேனாவால் ஒரு நட்சத்திரம். பதினோராம் நாள் அழுகை நின்றது. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பெருமையாக இருந்தது.

இன்று காலை பஸ்ஸில், அம்மா போனால் அழலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நான் வேண்டுமென்றே சோதிக்கிறேன் என்று நினைத்து, மாட்டேன் எனத் தலையாட்டினாள்.

பையில் பேனா இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என்ன எழுதுவார்கள் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

ஒன்று வரைந்தேன். கோணலாக வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வாயை அதிகம் திறந்தால் வெளியே வந்துவிடும் என்பதுபோல் என் காதுக்கு மட்டும் சொன்னாள்.

"ரெண்டு போடும்மா. இன்னைக்கு ரொம்ப அழுகை வந்துச்சு."