நஸ்ரீன் வீட்டு உப்புமா

பள்ளிக்கூடத்துக் காலை உணவு மிஷின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் அம்மாவின் கைப்பக்குவத்திலேயே சமைத்துக் கொடுத்தது. கஸ்தூரியின் மகள் இலக்கியாவோ தினமும் தோழி நஸ்ரீனின் அம்மா பெயரைத்தான் அழுத்தினாள். அவள் மட்டுமா, வகுப்பே அதைத்தான் அழுத்தியது.

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக நஸ்ரீன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நஸ்ரீனின் அத்தா கையில் கரண்டியோடு வந்து திறந்தார்.

"உங்க வீட்டம்மா உப்புமாவுல அப்படி என்னதான் போடுறாங்க?"

"அவ டூட்டிக்குப் போயிட்டாம்மா. இங்க எப்பவும் சமையல் நான்தான்," என்றார் அவர் கூச்சத்தோடு. "மிஷின்ல அம்மாங்களுக்கு மட்டும்தானே பட்டன் வச்சிருக்காங்க!"

கஸ்தூரி விறுவிறுவென்று வீடு திரும்பி, குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவனின் போர்வையை உருவினாள்.

"எந்திரிங்க. இன்னையிலேருந்து நீங்கதான் இலக்கியாவுக்கு அம்மா!"